கலைச்சொல்லைத் தேடும் வகுப்பறை

இயற்பியலில் தமிழ்க் கலைச்சொற்களுக்குப் பஞ்சமில்லை. 1916-ஆம் ஆண்டிலேயே சேலத்தில் இராஜாஜியும் வேங்கடசுப்பையரும் அறிவியற் சொல்லாக்கத்திற்கென ஒரு சங்கம் கண்டனர். சொல் கிடைத்தது, அது சுட்டும் பொருள் மாணவனுக்கு எட்டியதா என்பதே கேள்வி.

பெங்களூரின் பிரேசர் டவுனை எண்ணிப் பாருங்கள். முன்னர் கன்டோன்மென்ட்டைச் சேர்ந்திருந்த பகுதி அது. அங்கே தமிழ், உருது, கன்னடம் என வீட்டுமொழி வேறுபடும் பிள்ளைகள் ஒன்றாகப் பயில்கின்றனர். இத்தகைய வகுப்பில் பொருளுரைப்பதைவிடத் தேடச் செய்வது நன்று. ‘உராய்வு’, ‘நெம்புகோல்’, ‘சாய்தளம்’ என்றெழுதிய சீட்டுகளை ஆசிரியர் குழுக்களுக்கு அளிப்பார். மாணவர்கள் அறைக்குள்ளேயே அவற்றைக் கண்டு காட்டவேண்டும். கரும்பலகையில் தேயும் சுண்ணக்கட்டி, கத்தரிக்கோல், சரிவான எழுதுமேசை ஆகியவையே போதும், செலவேதுமில்லை.

இடர்ப்பாடு எளிய சொற்களில்தான். ‘வேலை’ என்ற சீட்டைப் பெற்றவன், புத்தகப் பையைச் சுமந்து அசையாது நிற்கும் தோழனைச் சுட்டுவான். இயற்பியலில் அது வேலையன்று. தரையிலிருந்து பையைத் தூக்கியபோதே வேலை நடந்தது. “தோள் வலிக்கிறதே!” என்று தோழன் வாதாடட்டும். அவ்வாதத்திற்குக் கால்மணி நேரம் ஒதுக்கினாலும் தகும்.

கடைக்காரர் கிலோகிராமில் கூறும் ‘எடை’ உண்மையில் நிறை. எடையின் அலகு நியூட்டன். அந்தச் சீட்டை மறுநாளைக்கு வைத்துக்கொள்வது நலம்.