கொல்கத்தாவின் கிழக்கே: கழிவுநீரில் விளையும் செல்வம்

(பொருளாதார மாணவர்களும் பயிற்சி அலுவலர்களும் கூடிய கூட்டமொன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



பெருநகரங்களின் வளர்ச்சியை ஆராயும்போது தொழிற்சாலைகள், துறைமுகம், போக்குவரத்து, வீட்டுவசதி ஆகியவற்றையே நாம் பெரிதும் கணக்கில் கொள்கிறோம். நகரின் விளிம்பில் கிடக்கும் அரைகுறைக் கிராமப் பகுதிகளை, வருங்காலத்தில் வீட்டுமனைகளாக மாறக் காத்திருக்கும் காலி நிலம் என்று கருதிவிடுவது நமது திட்ட அறிக்கைகளில் பழகிப்போன வழக்கம். அவ்வாறு கருத முடியாத ஒரு பகுதியைப் பற்றி இன்று பேச விரும்புகிறேன். கொல்கத்தா நகரின் கிழக்கு எல்லையை ஒட்டி 12,500 ஹெக்டேர் பரப்பில் விரிந்து கிடக்கும் ஏரிகள், காய்கறித் தோட்டங்கள், நெல்வயல்கள், சிற்றூர்கள் ஆகியவை அடங்கிய நிலப்பரப்பு அது. கிழக்குக் கொல்கத்தா ஈரநிலங்கள் என்பது அதன் இன்றைய பெயர். பழைய பெயர் உப்பு ஏரிகள்.

நிலத்தின் சரிவிலிருந்து தொடங்குவோம். இப்பகுதியின் வரலாறு முழுவதும் அந்தச் சரிவிலேயே அடங்கியிருக்கிறது. கொல்கத்தாவுக்கு மேற்கே ஹூக்ளி ஆறு ஓடுகிறது. நகரின் சாக்கடை ஆற்றில்தான் விழும் என்று புதிதாக வருபவர் எண்ணுவார். ஆனால் டெல்டா நிலத்தில் ஆறு தன் வண்டலைக் கரையிலேயே கொட்டிக் கொட்டிக் கரையை உயர்த்திவிடுகிறது. ஆற்றோரம் மேடு, அதை விட்டு விலகிக் கிழக்கே செல்லச் செல்லப் பள்ளம். ஆகவே நகரில் விழும் மழைநீர் இயல்பாகக் கிழக்கு நோக்கியே வழிகிறது. கிழக்கே, வித்யாதரி என்னும் ஆற்றின் வழியாகக் கடலின் ஓதம் ஏறி இறங்கும் உவர்நீர்க் கழிகள் இருந்தன. கொடுவா மீனும் இறாலும் அங்கு மிகுதி.

வித்யாதரி சாதாரண ஆறன்று. அதன் பழைய போக்கினை ஒட்டி, நகருக்கு வடகிழக்கே சுமார் 35 கிலோமீட்டர் தொலைவில் சந்திரகேதுகர் என்னும் தொன்மையான குடியிருப்பின் மேடுகள் உள்ளன. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் அசுதோஷ் அருங்காட்சியகம் 1950களின் பிற்பகுதியில் அங்கு அகழாய்வு தொடங்கியது. கிறிஸ்து பிறப்பதற்கு முந்திய நூற்றாண்டுகளைச் சேர்ந்த சுடுமண் சிற்பங்களால் அவ்விடம் புகழ் பெற்றது. வாணிபம் வளர்த்த அந்த ஆறு, பின்னாளில் ஒரு மாநகரின் சாக்கடையை ஏற்றுச் சுமந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் நகராட்சிப் பொறியாளர் வில்லியம் கிளார்க் வகுத்த திட்டப்படி நிலத்தடிச் சாக்கடைகள் அமைக்கப்பட்டன. கழிவுநீர் கிழக்கே கொண்டுசெல்லப்பட்டு வித்யாதரியில் விடப்பட்டது. 1860களில், குப்பை கொட்டுவதற்கென்று தாபா என்ற இடத்தில் ஏறத்தாழ ஒரு சதுரமைல் நிலத்தை நகராட்சி பெற்றது. சுமார் 1880இல் அந்நிலத்தைக் குத்தகைக்கு எடுத்த பபநாத் சென் என்பவர், மக்கிய குப்பையின் மேல் காய்கறி பயிரிடும் முறையைத் தொடங்கினார். நீண்ட பாத்திகளில் குப்பை எரு, அவற்றுக்கிடையே நீண்ட குட்டைகளில் கழிவுநீர் என்னும் அந்த அமைப்பு இன்றும் தாபாவில் காணக் கிடைக்கிறது. காலிஃபிளவர், கத்தரி, கீரை, மக்காச்சோளம் எனப் பருவத்துக்கேற்ற விளைச்சல் அதிகாலையிலேயே நகரச் சந்தைகளை அடைகிறது.

வித்யாதரி நெடுநாள் தாங்கவில்லை. சுந்தரவனப் பகுதியில் சாகுபடிக்காகக் கரையெழுப்பி நிலம் மீட்டதனால் ஓதநீர் பரவும் இடம் குறைந்தது. படகுப் போக்குவரத்துக்காக வெட்டப்பட்ட கால்வாய்கள் நீரோட்டத்தைப் பிரித்தன. நகரக் கழிவும் சேர்ந்தது. வண்டல் படிந்து ஆறு தூர்ந்தது. 1928இல் அது செத்த ஆறு என்று அரசுத் துறையே அறிவித்தது. உப்புநீர் வரத்து நின்றது. மீனவர்களுக்கு இது பெரும் நட்டமாகவே முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் 1930ஐ ஒட்டி, நகரின் கழிவுநீரைத் தம் ஏரிக்குள் விட்டு நன்னீர் மீன் வளர்க்க முயன்று வெற்றி கண்டார் ஓர் ஏரி உரிமையாளர். மற்றவர்கள் அவரைப் பின்பற்றினர். வித்யாதரிக்கு மாற்றாக, கழிவுநீரைக் கிழக்கே குல்டி ஆறு வரை கொண்டுசெல்லும் இரண்டு நெடுங்கால்வாய்களைப் பொறியாளர் பி. என். தே வடிவமைத்தார். ஒன்று மழையற்ற காலத்துக் கழிவுநீருக்கு, மற்றது மழைவெள்ளத்துக்கு. 1943இல் இப்பணி நிறைவேறியபின், கால்வாய் நெடுகிலும் ஏரிகளுக்கு நீர் பாய்வது எளிதாயிற்று. எந்தப் பல்கலைக்கழகமும் வகுத்துக் கொடுத்த திட்டமன்று இது. குடியானவர்களும் மீனவர்களும் தலைமுறை தலைமுறையாகச் செய்து பார்த்துக் கற்றுக்கொண்ட தொழில்நுட்பம்.

ஏரியின் வேலை

இந்த மீன் ஏரிகளை வங்காளத்தில் பேரி என்பர். ஒரு பேரியின் ஆழம் பெரும்பாலும் இடுப்பளவுக்குள்தான். ஆழம் குறைவாக இருப்பதனால் வெயில் அடிவரை இறங்குகிறது. கழிவுநீரிலுள்ள அங்ககப் பொருள்களைப் பாக்டீரியாக்கள் சிதைக்கின்றன. சிதைந்த சத்துகளை உண்டு பாசி வளர்கிறது. பாசி வெளியிடும் ஆக்சிஜன் பாக்டீரியாக்களுக்கு உதவுகிறது. பாசி அளவுக்கு மீறினால் நீர் கெட்டு மீன் மிதந்துவிடும். அந்த அளவைக் கட்டுப்படுத்துவது மீனே. ரோகு, கட்லா, மிர்கால், வெள்ளிக்கெண்டை, திலாப்பியா ஆகிய இனங்கள் வெவ்வேறு மட்டத்தில் வெவ்வேறு உணவை உண்கின்றன. கரையோரமாக ஆகாயத்தாமரையை ஒரு பட்டையாக வளர்க்கிறார்கள். நம் ஊர்களில் ஒழிக்க வேண்டிய களையென்று கருதப்படும் அச்செடி, அங்கே அலையினால் கரை அரிக்காமல் காக்கிறது. வெயிலில் மீனுக்கு நிழல் தருகிறது. நீரிலுள்ள உலோகங்களில் ஒரு பகுதியையும் உறிஞ்சுகிறது.

பனிக்காலத்தில் பேரியை வற்றச் செய்து, வெயிலில் காயவிட்டு, சேற்றை அள்ளிக் கரைக்கு இடுவார்கள். பிறகு கழிவுநீரை விட்டுச் சில நாள்கள் ஆறவைத்து, சோதனைக்குச் சில மீன்குஞ்சுகளை விட்டுப் பார்த்து, அவை பிழைத்தபின்னரே முழு அளவில் குஞ்சுகளை விடுவார்கள். நீரின் நிறத்தையும் மணத்தையும் கொண்டே எப்போது மதகைத் திறப்பது, எப்போது மூடுவது என்று முடிவு செய்யும் முதியவர்கள் அங்கே உண்டு. மீன் ஏரிகளைக் கடந்து வரும் நீர் பின்னர் நெல்வயல்களுக்குப் பாய்கிறது.

இவ்வமைப்பின் வழியே செல்லும் கழிவுநீரில் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை 80 சதவீதத்துக்கும் மேல் குறைகிறது என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. நகரம் வெளியேற்றும் கழிவுநீர் நாளொன்றுக்குச் சுமார் 75 கோடி முதல் 90 கோடி லிட்டர் வரை என மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. மீன் ஆண்டுக்குச் சுமார் 10,000 டன் என்றும், காய்கறி நாளொன்றுக்குச் சுமார் 150 டன் என்றும் பொதுவாகக் கணக்கிடப்படுகின்றன. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் எடுத்த நிலக்கணக்கின்படி ஏறத்தாழ 5,850 ஹெக்டேர் பெரும்பாலும் நீர்ப்பரப்பு; 4,700 ஹெக்டேர் விவசாய நிலம்; 600 ஹெக்டேர் குப்பைமேட்டுச் சாகுபடி; எஞ்சியது குடியிருப்பு. அதன்பிறகு நீர்ப்பரப்பில் ஒரு பகுதி தூர்க்கப்பட்டுவிட்டது.

கணக்கில் வராத சேவை

பொருளாதார மாணவர்களாகிய நீங்கள் பிகுவின் நூலில் புறவிளைவுகளைப் பற்றிப் படித்திருப்பீர்கள். ஆலைப் புகை போன்ற தீய விளைவுகளையே அதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்வது வகுப்பறை வழக்கம். நன்மையான புறவிளைவுக்கு இப்பகுதியைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு நம் நாட்டில் அரிது. இத்தனை கோடி லிட்டரைச் சுத்திகரிக்க இயந்திர நிலையங்கள் கட்டியிருந்தால் மூலதனச் செலவு, மின்சாரச் செலவு, பராமரிப்புச் செலவு மூன்றும் நகராட்சிக் கணக்கில் ஏறியிருக்கும். அவை ஏறவில்லை. ஏறாத செலவு எந்த அறிக்கையிலும் வருமானமாகத் தோன்றுவதில்லை. பேரி உரிமையாளருக்கு மீனின் விலை கிடைக்கிறது. நீரைத் தூய்மை செய்ததற்குக் கூலி இல்லை. நிலத்தை விற்றால் கிடைக்கும் தொகையோடு மீன் வருமானத்தை மட்டும் ஒப்பிட்டால், எந்த உரிமையாளரும் விற்கவே விரும்புவார். பிழை அவரிடம் இல்லை. நாம் வகுத்த கணக்கில் இருக்கிறது.

இக்கணக்கின் விளைவை வரலாற்றில் காணலாம். நாட்டுப் பிரிவினைக்குப் பின் கொல்கத்தாவின் மக்கள்தொகை நெருக்கடி கடுமையாயிற்று. முதலமைச்சர் டாக்டர் பிதான் சந்திர ராய் வடக்குப் பகுதி ஏரிகளைத் தூர்த்துப் புதுநகர் அமைக்க முடிவு செய்தார். 1962இல் பணி தொடங்கியது. யுகோஸ்லாவிய நிறுவனமொன்று ஹூக்ளியின் வண்டலைக் குழாய் வழியே கொண்டுவந்து நிரப்பியது. அந்நாட்டுக் கட்டடக் கலைஞர் டோஷ்கோவிச் நகரை வடிவமைத்தார். அதுவே இன்றைய பிதான்நகர்; மக்கள் இன்னும் சால்ட் லேக் என்றே அழைக்கிறார்கள். அகதிகளும் நடுத்தர வகுப்பினரும் வீடின்றித் தவித்த காலம் அது. அம்முடிவைக் குறைகூற நான் துணியமாட்டேன். அந்த முடிவுக்கு எதிர்ப்பக்கத்தில் எழுதப்பட வேண்டிய செலவு எழுதப்படவில்லை என்பதை மட்டும் குறிப்பிடுகிறேன்.

அதனை எழுதிக் காட்டியவர் மாநில அரசின் பொறியாளரான துருவஜோதி கோஷ். 1980களின் தொடக்கத்தில், நகரின் கழிவுநீர் இறுதியில் எங்கே போகிறது என்று கால்வாயைத் தொடர்ந்து சென்று, இவ்வமைப்பின் செயல்முறையை ஆராய்ந்து ஆவணப்படுத்தினார். 2018இல் அவர் மறைந்தார். அலுவலகக் கோப்புகளுக்கு வெளியே நடந்து சென்று பார்ப்பதும் அலுவலரின் கடமையே என்பதற்கு அவருடைய பணியைப் பயிற்சி அலுவலர்கள் படிக்க வேண்டும்.

1992இல், உலக வர்த்தக மையம் உள்ளிட்ட திட்டங்களுக்கு ஏரிநிலத்தை ஒதுக்க முனைந்தபோது, குடிமக்கள் அமைப்பொன்று தொடுத்த வழக்கில் கல்கத்தா உயர்நீதிமன்றம் நிலப்பயன் மாற்றத்துக்குத் தடை விதித்தது. 2002இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் இது உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது. 2006இல் இதற்கெனத் தனிச் சட்டமும் மேலாண்மை ஆணையமும் வந்தன.

சட்டம் நிலத்தைக் காக்கும், நீரைத் தருவதில்லை. இங்கேதான் நிர்வாகத்தின் உண்மையான சிக்கல் இருக்கிறது. பாந்தாலாவிலுள்ள மதகில் நீர்மட்டம் உயர்ந்து நின்றால்தான் பேரிகளுக்குக் கழிவுநீர் தானாகப் பாயும். ஆனால் மட்டம் உயர்ந்தால் மழைக்காலத்தில் நகரத் தெருக்களில் வெள்ளம் வடியத் தாமதமாகும். வடிகாலுக்குப் பொறுப்பானவர் மட்டத்தைத் தாழ்த்த விரும்புகிறார்; மீன் வளர்ப்பவர் உயர்த்தக் கோருகிறார். இருவர் கூறுவதும் நியாயமே. கால்வாயில் சேறு படியப் படிய இவ்விரோதம் கூர்மையாகிறது. காலத்தில் தூர்வாரினால் பெரும்பாலும் தீரக்கூடிய வழக்கு இது. தூர்வாருவதற்கான தொகையோ, ஒத்திவைக்க மிக எளிதான செலவினமாகவே எல்லா ஆண்டும் கருதப்படுகிறது. நீர் வராத பேரி ஓராண்டு வறண்டு கிடந்தால், அடுத்த ஆண்டு அங்கே மண் கொட்டுவதைத் தடுக்க எந்தச் சட்டமும் போதாது.

வேறொரு கவலையும் உண்டு. தங்ரா, தில்ஜலா, தோப்சியா பகுதிகளிலிருந்த தோல் பதனிடும் ஆலைகள் நெடுங்காலம் குரோமியக் கழிவை இக்கால்வாய்களில் விட்டன. உச்சநீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பைத் தொடர்ந்து அவை பாந்தாலாவில் அமைந்த தோல் தொழில் வளாகத்துக்கு மாற்றப்படலாயின. வீட்டுக் கழிவை மீன் உணவாக்கும் ஏரி, உலோகத்தை அவ்வாறு ஆக்காது. வண்டலிலும் காய்கறிகளிலும் உலோகங்கள் இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. இப்பகுதியைப் புகழும் ஆர்வத்தில் சிலர் இதனை மறைத்துப் பேசுவது சரியன்று. தொழிற்கழிவைத் தோன்றும் இடத்திலேயே பிரித்து நிறுத்தினால்தான் இயற்கை முறை தன் வேலையைச் செய்ய இயலும்.

சுற்றுலா என்ற வகையில் இங்கு அரண்மனைகளோ கோபுரங்களோ இல்லை. நல்பன் ஏரியில் படகு விடுகிறார்கள். பறவைகள் முன்போல வருவதில்லை எனினும் நாரை, கொக்கு, நீர்க்காகம் ஆகியவற்றைக் காணலாம். இப்பகுதிக்கே உரிய சதுப்புக் கீரி ஒன்றினை 1965இல் விலங்கியலார் தனி இனமாக விவரித்தனர். சாதாரணச் சிறு கீரியின் உட்பிரிவே அது என்று பின்னர் கருதப்பட்டது. எவ்வாறாயினும் ஒரு மாநகரின் வாயிற்படியில் அறிவியலுக்குப் புதிய விலங்கு கிடைத்தது வியப்பே.

கொல்கத்தா செல்லும் மாணவர்கள் ஒரு நாளை இதற்கென ஒதுக்குங்கள். தை மாதத்தை ஒட்டிச் சென்றால் பேரிகள் வற்றவைக்கப்பட்டுச் சேறு அள்ளப்படுவதைப் பார்க்கலாம். அறிவியல் நகரத்தின் அருகிலிருந்து கிழக்கே செல்லும் பாசந்தி நெடுஞ்சாலையில் கால்வாய்கள் உங்களுடனேயே வரும். விடிவதற்கு முன் சென்றால், அலுமினியப் பாத்திரங்களில் நீரைக் கையால் அலைத்து அலைத்து மீனை உயிரோடு சந்தைக்குக் கொண்டுபோகிறவர்களைக் காண்பீர்கள். பாந்தாலா மதகில் இறங்கி, இன்று நீர்மட்டம் எவ்வளவு, அதை முடிவு செய்தவர் யார் என்று அங்குள்ளவரிடம் கேளுங்கள்.