காவல் மன்றங்களும் மக்களாட்சியும்



இஸ்லாமிய, அரபு நாடுகளில் மக்களாட்சி வேரூன்றுமா என்னும் வினா பெரும்பாலும் மார்க்கத்தை முன்னிறுத்தியே எழுப்பப்படுகிறது. ஆனால் 20 கோடிக்கும் மேற்பட்ட முஸ்லிம்கள் வாழும் இந்தோனேசியா, 1998இல் அதிபர் சுகார்த்தோ பதவி விலகியபின், 1999 முதல் இடையறாது தேர்தல் நடத்திவருவதே, அவ்வினாவுக்கு மார்க்கம் மட்டும் விடையாகாது என்பதைக் காட்டுகிறது.

அரபு உலகில் இதற்குத் தெளிவான சான்று துனீசியா. 2011 ஜனவரியில் அதிபர் பென் அலி நாட்டை விட்டு ஓடியபின், இஸ்லாமியக் கட்சியான என்னஹ்தா தேர்தலில் முதலிடம் பெற்றது. 2013இல் எதிர்க்கட்சித் தலைவர்கள் இருவர் கொல்லப்பட்டு நாடு பிளவுறும் நிலை வந்தபோது, தொழிற்சங்கக் கூட்டமைப்பு, தொழில் முனைவோர் சங்கம், மனித உரிமைக் கழகம், வழக்கறிஞர் சங்கம் ஆகிய நான்கும் நடுநின்று பேச்சு நடத்தின. அதன் பயனாக 2014இல் புதிய அரசமைப்புச் சட்டம் நிறைவேறியது; அந்நால்வர் அணிக்கு 2015இல் அமைதிக்கான நோபல் பரிசும் கிடைத்தது.

அச்சட்டம் 12 உறுப்பினர் கொண்ட அரசமைப்பு நீதிமன்றத்தை, அதாவது ஆட்சியாளரின் செயல் சட்டவரம்பை மீறுகிறதா என்று தீர்ப்பளிக்கும் மன்றத்தை, ஓராண்டுக்குள் நிறுவப் பணித்தது. எனினும் ஒரு கட்சி முன்மொழிந்தவரை மற்றொரு கட்சி ஏற்காததால் அம்மன்றம் அமையவேயில்லை. 2021 ஜூலை 25 அன்று அதிபர் கைஸ் சையத் நெருக்கடிநிலைப் பிரிவைக் காட்டி நாடாளுமன்றத்தை முடக்கியபோது, அது முறையா என்று தீர்ப்பளிக்க வேண்டிய இருக்கைகள் காலியாகவே கிடந்தன.

முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் மேற்கு ஆப்பிரிக்க நாடான செனகலில் நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. 2024 பிப்ரவரியில் அதிபர் மேக்கி சால் தேர்தலைத் தள்ளிவைத்தபோது, அந்நாட்டின் அரசமைப்பு மன்றம் அம்முடிவைச் செல்லாததாக்கியது; அவரும் அதற்குப் பணிந்தார்; மார்ச் மாதம் நடந்த தேர்தலில் எதிரணி வேட்பாளர் வென்றார்.

இவ்விரு நாடுகளையும் வேறுபடுத்தியது இறைநம்பிக்கையன்று. ஆள்பவரைத் தடுக்கும் மன்றம் நெருக்கடிக்கு முன்பே நிறுவப்பட்டிருந்ததா என்பதே. பட்டதாரிகளுள் பலர் நாளை வழக்கறிஞராகவும் தணிக்கையாளராகவும் தேர்தல் அலுவலராகவும் பொறுப்பேற்கக்கூடும். தமக்கு உகந்தவர் கிடைக்கவில்லை என்பதற்காகக் காவல் பதவியொன்றைக் காலியாக விடுவதைக் காட்டிலும், தமக்கு மாறாகத் தீர்ப்பளிக்கக்கூடிய நேர்மையாளரை அதில் அமர்த்துவதே குடிமக்களுக்கு நன்மை பயக்கும். அத்தகைய துணிவும் பொறுமையும் அனைவருக்கும் வாய்ப்பதாகுக!