முதல் அரை நிமிடம்

1987-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், தூர்தர்ஷன் இராமாயணத் தொடரை ஒளிபரப்பத் தொடங்கியது. ராமானந்த சாகர் உருவாக்கிய அத்தொடரைக் காண, நாடெங்கும் மக்கள் தொலைக்காட்சிப் பெட்டி உள்ள வீடுகளில் கூடினர். தொடக்கத்தில் பாடல் ஒலிக்கும். கலைஞர்களின் பெயர்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் தோன்றி மறையும். ஒருவரும் எழுந்து போகவில்லை. போவதற்கு வேறிடமும் இல்லை. பெரும்பாலான ஊர்களில் அன்று காணக் கிடைத்தது அந்த ஓர் அலைவரிசையே. அடுக்களையில் இருப்பவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அமர்வதற்கும், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஓடி வந்து சேர்வதற்கும் அந்தத் தொடக்கப் பாடல் அவகாசம் தந்தது.

வானொலியிலும் அப்படித்தான். வால்டர் காஃப்மன் பெயரோடு வழங்கும் முகப்பிசை, நிலையம் திறக்கும் முன் ஒலிக்கும்போது, நேயர்கள் பெட்டியின் குமிழைத் திருகி அலைவரிசையைச் சரிசெய்துகொண்டார்கள். அக்காலத்து முன்னுரைகள் நீண்டிருந்தமைக்குக் காரணம் இருந்தது. பலரை ஓரிடத்தில், ஒரே வேளையில் கூட்டுவது அவற்றின் பணி.

இன்று காணொளி காண்பவர் அவ்வாறு வருவதில்லை. தமக்கு வாய்த்த நேரத்தில் தனியே வருகிறார். வரும்போதே கைபேசியைக் கையில் பிடித்து அமர்ந்துவிட்டார். அவரைக் கூட்டி உட்கார வைக்க வேண்டிய வேலை நமக்கு இல்லை. ஆனால் அவருடைய கட்டைவிரல் திரையின்மேல் இருக்கிறது. அதை ஒரு முறை அசைத்தால் நாம் மறைந்துவிடுகிறோம். 2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனம் சேவை தொடங்கிய பின்னர் இணையத்தின் விலை நம் நாட்டில் பெரிதும் குறைந்தது. நகரத்தார் மட்டுமன்றிச் சிற்றூர்களில் வாழ்வோரும் காணொளி காண்போராயினர். காண்போர் பெருகினர், காட்டுவோரும் பெருகினர். ஆகவே ஒருவரிடம் மனம் பற்றாதவர் மற்றொருவரிடம் செல்வது எளிதாயிற்று. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2017-இல், தொடக்கப் பகுதியைத் தாண்டிச் செல்வதற்கென்றே ஒரு பொத்தானைத் திரையில் வைத்தது. பெரும் பொருட்செலவில் ஆக்கப்பட்ட முகப்புகளையே மக்கள் தாண்டிப்போக விரும்பும்போது, நாம் ஆக்கும் எளிய முகப்புக்கு எவர் காத்திருப்பர்?

இதனை நாங்கள் ஏட்டிலிருந்து கற்கவில்லை, பட்டே கற்றோம். சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் சிலர் கூடி, பாம்புக்கடிக்கு முதலுதவி செய்வது பற்றி ஆறு நிமிடக் காணொளி ஒன்றை ஆக்கினோம். அது வேண்டிய முயற்சியே. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியால் இறந்தனர் என்று 2020-இல் வெளிவந்த ஆய்வு கணக்கிட்டது. அவர்களுள் மிகப் பலர் சிற்றூர் மக்கள். ஏறத்தாழப் பாதி மரணங்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள மழைக்காலத்தில் நேர்ந்தவை. 2024 மார்ச்சில் மத்திய அரசு, 2030-க்குள் இம்மரணங்களைப் பாதியாகக் குறைக்கும் நோக்கத்துடன் தேசியச் செயல்திட்டம் ஒன்றையே வெளியிட்டது.

எங்கள் காணொளி எவ்வாறு தொடங்கியது தெரியுமா? முதலில் எங்கள் குழுவின் சின்னம் இசையுடன் சுழன்று வந்தது. பின்னர் ஒருவர் தோன்றி வணக்கம் கூறினார். குழுவின் வரலாற்றைச் சொன்னார். பொருளுதவி செய்த அன்பர்களுக்கு நன்றி நவின்றார். மணிச்சின்னத்தை அழுத்திச் சந்தாதாரர் ஆகுமாறு வேண்டினார். அதன்பின் நாகவழிபாட்டின் தொன்மை பற்றிச் சில சொற்கள். கடிபட்டவரை என்ன செய்வது, என்ன செய்யலாகாது என்னும் பகுதி மூன்றாம் நிமிடத்தில்தான் வந்தது. எங்களுக்கோ அது ஒழுங்கான, மரியாதையான முன்னுரையாகவே தோன்றியது.

யூடியூப் நிறுவனம், காணொளி ஆக்குவோருக்கு ஒரு வரைகோட்டைக் காட்டுகிறது. எந்த விநாடியில் எத்தனை பங்கினர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கின்றனர் என்பதை அக்கோடு உணர்த்தும். முதல் 30 விநாடிக்குப் பின் எஞ்சியோர் எவ்வளவு என்பதனைத் தனியாகவும் எடுத்துக் கூறும். எங்கள் கோடு மலையுச்சியிலிருந்து உருண்ட கல்லைப்போல் இறங்கியிருந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் வணக்கத்துக்கும் நன்றிக்கும் இடையிலேயே போய்விட்டனர்.

"மக்களுக்குப் பொறுமை இல்லை" என்று எங்களுள் ஒருவர் வருந்தினார். குழுவில் இருந்த மருத்துவர் அம்மையார் மட்டும் சிறிது நேரம் பேசாமல் இருந்து, பிறகு கேட்டார்: "அவர்களுள் ஒருவர், வீட்டில் யாரையோ பாம்பு கடித்துவிட்டதால் நம் காணொளியைத் திறந்திருந்தால்?" அதற்கு எங்களால் விடை சொல்ல முடியவில்லை. பொறுமையின்மை பார்ப்பவரின் குற்றம் என்று எண்ணியிருந்த நாங்கள், அவருடைய நேரத்தை மதியாதது எங்கள் குற்றம் என்பதை அன்று உணர்ந்தோம்.

முன்னுரை என்பதே வேண்டாம் என்று இதனால் முடிவு கட்டிவிடலாமோ? அதுவும் பொருந்தாது. பாயிரம் இல்லாத நூல் நூலாகாது என்பது நம் இலக்கண ஆசிரியர்களின் கொள்கை. நன்னூல், சிறப்புப் பாயிரத்தில் அமைய வேண்டியனவாக எட்டுச் செய்திகளை வகுத்துள்ளது. ஆக்கியவர் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, சொல்லும் பொருள், கேட்டற்கு உரியோர், கேட்பதால் எய்தும் பயன் என்பன அவை. இவற்றுள் பின்னுள்ள மூன்றையும் உற்று நோக்குவோம். இது எதைப் பற்றியது? யாருக்கு உரியது? இதனால் என்ன பயன்? காணொளியைத் திறப்பவர் மனத்தில் எழும் வினாக்கள் இம்மூன்றுமே. ஆசிரியரைத் தேடிச் சென்று அவர் காலடியில் இருந்து பயின்ற மாணவனுக்கு ஆசிரியர் பெயர் முதலில் வேண்டியிருந்தது. நம்மைத் தேடி வராமல் பொருளைத் தேடி வருபவருக்கு நம் பெயர் பின்னர் வந்தால் போதும். எட்டில் எதனையும் தள்ள வேண்டியதில்லை. வரிசையை மாற்றினால் போதும்.

முன்னுரையிலிருந்து பொருளுக்குள் செல்லும் வழிக்கும் நம் நாட்டில் ஒரு சிறந்த முன்மாதிரி உண்டு. காளிதாசரின் சாகுந்தல நாடகத்தில் சூத்திரதாரன் அரங்கில் தோன்றி, அவையினரின் புலமையைக் குறிப்பிட்டு, நாடகத்தின் பெயரையும் ஆசிரியர் பெயரையும் சுருக்கமாக அறிவிக்கிறான். நடியை அழைத்து வேனிற்காலம் பற்றிப் பாடச் சொல்கிறான். பாட்டில் மயங்கி, எந்த நாடகத்தை நடிக்கப் போகிறோம் என்பதையே மறந்துவிடுகிறான். அவள் நினைவூட்டுகிறாள். விரைந்தோடும் மான் துஷ்யந்த மன்னனை இழுத்துச் சென்றதுபோல் உன் இசை என்னை இழுத்துச் சென்றது என்னும் கருத்தில் அவன் விடையிறுக்கிறான். அடுத்த கணமே மானைத் துரத்திக்கொண்டு மன்னனின் தேர் அரங்கில் நுழைகிறது! முன்னுரை எங்கே முடிந்தது, கதை எங்கே தொடங்கியது என்று பிரித்துக் காண இயலாது. அறிவிக்க வேண்டியனவெல்லாம் அறிவிக்கப்பட்டுவிட்டன. அவையோர் தம்மை அறியாமலே காட்டுக்குள் வந்துவிட்டனர்.

இவ்விரண்டையும் கைக்கொண்டு நடைமுறைக்கு வருவோம்.

முதலாவது, பொருளைப் பற்றிச் சொல்வதற்கு முன் பொருளையே காட்டுதல் நலம். மாவடு ஊறுகாய் போடும் முறையைக் கற்பிப்பவர், ஊறி முடிந்த ஜாடியைத் திறந்து காட்டித் தொடங்கலாம். நின்றுபோன தையல் இயந்திரத்தைப் பழுது பார்க்கச் சொல்லித்தருபவர், அறுந்து சிக்கிய நூலைக் காட்டித் தொடங்கலாம். கணிதம் கற்பிப்பவர், மாணவர் வழக்கமாகத் தவறு செய்யும் கணக்கைப் பலகையில் எழுதிவிட்டுப் பேசலாம். தலைப்பையும் முகப்புப் படத்தையும் பார்த்து ஒருவர் உள்ளே வந்திருக்கிறார். தாம் தேடி வந்த இடம் இதுதான் என்று அவர் முதற்கண் உறுதி பெற வேண்டும்.

இரண்டாவது, யாருக்கு என்பதையும் பயனையும் ஒரே வாக்கியத்தில் அடக்கிவிடல் வேண்டும். "முதன்முறையாக மாடித்தோட்டம் போடுவோர், கையில் உள்ள பழைய வாளிகளைக்கொண்டே கீரை வளர்க்கும் முறை இது" என்றால் போதும். உரியவர் இருப்பார், உரியரல்லாதவர் போவார். அவர் போவதில் நமக்கு இழப்பில்லை.

மூன்றாவது, பேசுபவரின் தகுதி. மருத்துவமோ சட்டமோ பேசுகையில், இவர் சொல்வதை ஏன் நம்ப வேண்டும் என்று பார்ப்பவர் கேட்பது இயல்பு. அதற்கு நான்கு சொற்கள் போதும். பட்டங்களையும் பரிசுகளையும் அடுக்கினால் நம்பிக்கை வளராது, சலிப்பே வளரும். சந்தா வேண்டுதலும் நன்றியறிவிப்பும் பயன் கொடுத்த பின் வந்தால்தான் பொருத்தமாகும். விருந்தினர் இலையில் சோறு விழுமுன் மொய் கேட்கலாமா?

நான்காவது, ஓசை. பேருந்திலும் அலுவலகத்திலும் பலர் ஒலியை அடக்கிவிட்டே பார்க்கின்றனர். ஆதலின் முதல் வாக்கியத்தைப் பெரிய எழுத்தில் திரையிலும் காட்டுதல் வேண்டும். ஒலியோடு கேட்பவருக்குப் பேச்சை இசை மூழ்கடித்தல் கூடாது.

ஐந்தாவது, முன்னுரையை இறுதியில் எழுதுக. காணொளி முழுதும் முடிந்த பின்னரே அதில் உண்மையாக என்ன இருக்கிறது என்பது நமக்கே புலனாகும். எழுதியதை உரக்கப் படித்து, கடிகாரத்தைப் பார்த்து, அரை நிமிடத்துக்கு மேற்பட்டால் குறைத்துவிடுவோம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். 2012-இல் யூடியூப், எத்தனை முறை திறந்தனர் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தனர் என்பதற்கு முதன்மை தந்து, காணொளிகளைப் பரிந்துரைக்கும் முறையை மாற்றியது. அதன்பின் பார்ப்போரைப் பிடித்துவைப்பதே ஒரு தொழிலாயிற்று. "கடைசியில் ஓர் அதிசயம் இருக்கிறது, போகாதீர்கள்" என்று கூறி, சொல்ல வேண்டியதை ஒளித்துவைப்போர் பலர். இல்லாததை இருப்பதாகச் சொல்வோரும் உளர். தலைப்பில் ஒன்றைக் காட்டி உள்ளே அதனை வைக்காத காணொளிகள்மீது, சிறப்பாகச் செய்திகள் பற்றியவற்றின்மீது, இந்தியாவில் கடுமையாக நடவடிக்கை எடுக்கப்போவதாக அந்நிறுவனமே 2024 டிசம்பரில் அறிவித்தது. பொய்யான வாசல் ஒரு முறை ஆளைக் கொண்டுவரும். மறுமுறை அவ்வீட்டுப் பக்கமே அவரைத் திரும்பிப் பார்க்கவிடாது.

முன்னுரை நன்றாயினும் உடல் நீண்டால் பயனில்லை என்பதும் நினைவிற்குரியது. எட்எக்ஸ் என்னும் இணையக் கல்வி நிறுவனத்தின் பாடங்களில், 69 இலட்சம் முறை காணொளிகள் பார்க்கப்பட்டதை ஆராய்ந்து 2014-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. ஆறு நிமிடத்துக்கு உட்பட்ட காணொளிகளே மாணவர்களை மிகுதியும் ஈர்த்தன என்று அது கண்டது. நல்ல முன்னுரை நீண்ட உரைக்கு உரிமைச்சீட்டு ஆகாது.

எங்கள் பாம்புக்கடிக் காணொளியை நாங்கள் மறுபடியும் ஆக்கினோம். இப்பொழுது அது ஒரு கால் கிடப்பதைக் காட்டித் தொடங்குகிறது. கயிற்றோடு ஒரு கை வருகிறது. மற்றொரு கை அதைத் தடுக்கிறது. குரல் சொல்கிறது: "பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடிபட்ட உறுப்பை அசைக்காமல், உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். ஏன் என்பதை இனிக் காட்டுகிறோம்."

சொல்ல வேண்டியதன் சாரம் முழுவதையும் முதலிலேயே கொடுத்துவிட்டால் பின் யார் இருந்து பார்ப்பார் என்று எங்களுள் சிலர் அஞ்சினர். சின்னத்தை வரைந்த இளைஞருக்கு அது இறுதிக்குப் போனதில் மனக்குறையும் இருந்தது. ஆயினும் கோடு முன்போல் உருளவில்லை, மெல்லச் சரிந்தது. காரணம் அறிய விரும்பியோர் நின்றனர். அதைவிட மேலான நிறைவு ஒன்று எங்களுக்கு உண்டு. இன்றும் முதல் அரை நிமிடத்துக்குள் போய்விடுபவர்கள் இருக்கின்றனர். அவர்கள் வெறுங்கையோடு போகவில்லை.

வந்தவரை நிறுத்திவைக்கும் வழி எது என்று கேட்பது இயல்பே. போகிறவர் கையில் எதைக் கொடுத்தனுப்பினோம் என்பதையும் உடன் கேட்டுக்கொண்டால், முன்னுரை தானே செம்மையாகும். வாசலில் நின்றவருக்கும் ஒரு குவளை நீர் கொடுத்தனுப்புவது நம் வீடுகளின் வழக்கம் அன்றோ? காணொளியின் வாசலிலும் அதனைக் காப்போமாக.