நரிவால் கட்டின வீரன்

மேசைப் போர் விளையாட்டுக்குத் திபெத் படை ஒண்ணு சேர்க்கலாம்னு கிளம்பியிருக்கீங்களா? பர்ஸைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க: எந்த நூற்றாண்டுத் திபெத்?

நான் சறுக்கின இடம் அதுதான். லாசா பிரார்த்தனைத் திருவிழாவுல கவசம் போட்டு நிக்கற குதிரைக்காரங்களோட பழைய கறுப்பு வெள்ளைப் போட்டோக்கள் இருக்கு. மார்புல வட்டத் தட்டு, முதுகுல துப்பாக்கி, பாத்தாலே ஆசை வரும். அதெல்லாம் 20ஆம் நூற்றாண்டு. அதைப் பாத்து எட்டாம் நூற்றாண்டுப் படைக்குப் பெயிண்ட் அடிச்சேன். பன்னிரண்டு குதிரை, ரெண்டு மாச ராத்திரி, எல்லாம் போச்சு. கொம்புக்கவையை முன்னாடி ஊன்றிச் சுடற திரித்துப்பாக்கி வேணும்னா, 1904ல கியான்சே கோட்டையில யங்ஹஸ்பண்டோட பிரிட்டிஷ் படையை எதிர்த்தவங்களைச் செய்யுங்க. அது வேற படை, வேற ஆட்டம்.

என்னைக் கேட்டா, பேரரசுக் காலத்தை எடுங்க. ஏழாம் நூற்றாண்டுல தொடங்கி ஒன்பதாவதோட நடுப்பகுதி வரைக்கும். எதிரிக்குத் தேடவே வேண்டாம், தாங் சீனா இருக்கு. 670ல தாஃபெய்சுவான்ல திபெத்தியர்கள் தாங் படையை நொறுக்கினாங்க. 763ல தலைநகர் சாங்கானுக்குள்ளேயே புகுந்து ரெண்டு வாரம் போல வெச்சிருந்தாங்க.

இந்தக் காலத்துக்கு நமக்குப் பெரிய துணை ஒரு சீனக்காரர். து யூ, 801ல 'தோங்தியன்'கிற பெரிய தொகுப்பை முடிச்சவர். எதிரியைப் பத்தி எழுதறார், ஆனா கவசத்தை மெச்சாம இருக்க முடியலை. ஆளும் சரி, குதிரையும் சரி, முழுக்க இரும்பு வளையக் கவசம், கண்ணு மட்டும்தான் வெளியே தெரியும். வில்வித்தை சுமார். ஈட்டி சீன ஈட்டியை விட நீளம், மெலிசு. சண்டைன்னு வந்தா குதிரையை விட்டு இறங்கி வரிசை கட்டி நிப்பாங்க. ஒருத்தன் விழுந்தா அடுத்தவன் அந்த இடத்துக்கு வருவான்.

அந்த 'இறங்கி'ங்கிற வார்த்தை உங்க செலவை ஏத்திடும். குதிரைமேல ஒருத்தன் வாங்கினா, அவனே தரையில நிக்கற மாதிரி இன்னொருத்தனும் வேணும். அதனால 28 மில்லிமீட்டர் உயரப் பொம்மைகள்ல ஆரம்பிக்காதீங்க, 15 போதும். பொம்மையோட வர்ற ஈட்டி பெரும்பாலும் தடியா, குட்டையா இருக்கும். வெட்டிட்டு மெல்லிய எஃகுக் கம்பியை ஒட்டுங்க.

நிறத்துக்கு வருவோம். எல்லாக் கவசத்துக்கும் வெள்ளிப் பெயிண்ட் அடிச்சுடாதீங்க. தாரிம் படுகையில மிரான்னு ஒரு திபெத்தியக் கோட்டை. அங்கே தொல்லியலாளர் ஆரல் ஸ்டைன் தோண்டினப்போ அரக்குப் பூசின தோல் கவசத் தகடுகள் கிடைச்சுது, கறுப்பும் சிவப்புமா. தலைவர்களுக்கும் குதிரைகளுக்கும் இரும்பு அடிங்க. ரெண்டாம் வரிசையில இந்த அரக்குச் சிவப்பைக் கொஞ்சம் கலந்தா மேசையே வேற மாதிரி ஆயிடும். எந்தெந்த வரிசைக்குங்கறது என் ஊகம்தான், நீங்க மாத்திக்கலாம்.

கடைசியா ஒரு விளையாட்டு. போர்ல பயந்து ஓடினவன் தலையில நரிவாலைக் கட்டி அவமானப்படுத்துவாங்கன்னு தாங் வரலாற்று நூல்கள்ல இருக்கு. நானும் ஒரே ஒரு பொம்மைக்கு வால் ஒட்டி, பின்வரிசை ஓரத்துல நிறுத்தி வெச்சிருக்கேன். ஏழெட்டு ஆட்டம் ஆயிடுச்சு. முன்வரிசையில எத்தனையோ பேர் விழுந்தாச்சு, அவனை மட்டும் இன்னும் ஒருத்தராலயும் சாய்க்க முடியலை.