மூர்வீதியும் மோறாரியாவும்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடந்த பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



வைத்தியர் பேசினால் நீரிழிவைப் பற்றித்தான் பேசுவார் என்று சிலர் பயந்திருப்பீர்கள். பயப்பட வேண்டாம், தேநீரோடு வரும் கேக்கை நிம்மதியாகச் சாப்பிடலாம். சங்கத்தின் செயலாளர் என்னிடம் கேட்டது பிள்ளைகளுக்கு ஒரு பயணக் கதை. அதோடு நான் கேட்க வேண்டிய கோரிக்கை ஒன்றும் இருக்கிறது. கதையைச் சொல்லிவிட்டுக் கேட்கிறேன்.

2012 ஆம் ஆண்டு நான் லண்டனில் பொதுச் சுகாதாரத்தில் முதுமாணி படித்துக்கொண்டிருந்தேன். ஈஸ்டர் விடுமுறைக்கு நாங்கள் நான்கு பேர் போர்த்துக்கல் நாட்டின் லிஸ்பன் நகருக்குப் புறப்பட்டோம். ஒருத்தி பருத்தித்துறை, ஒருத்தி மட்டக்களப்பு, நான் கீரி. நான்காமவள் மன்னார் மூர்வீதியைச் சேர்ந்தவள். இந்தப் பாடசாலையிலே ஐந்தாம் வகுப்பில் எனக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்தவள். இருபது வருடத்துக்கு மேல் காணாமல் இருந்து, லண்டனில் ஒரு தெரிந்தவர் வீட்டுக் கலியாணத்தில் கண்டு பிடித்துக்கொண்டோம். எல்லோரும் பரிஸ் போகிறார்கள், நாங்கள் ஏன் லிஸ்பன் என்று கேட்டால், விமானச் சீட்டு மலிவாக இருந்தது. இலங்கைக் கடவுச்சீட்டுக்கு விசா எடுக்கக் கொடுத்த வங்கிக் கடிதங்களின் கதையை இங்கே விட்டுவிடுகிறேன்.

அல்ஃபாமா என்ற பழைய பகுதியில், மூன்றாம் மாடியில் அறை. வீட்டுக்கார அம்மாவுக்கு ஆங்கிலம் இல்லை, எங்களுக்குப் போர்த்துக்கேயம் இல்லை. முதல் நாள் மழை சாய்த்து அடித்தது. அம்மா ஓடிவந்து, "ஜனேலா! ஜனேலா!" என்று கத்தினார். பருத்தித்துறைக்காரி அசையாமல் சொன்னாள்: "யன்னலைச் சாத்தட்டாம்." சாத்தினோம். அம்மா திகைத்துப்போனார். அதற்குப் பிறகு எங்களுக்கு அது ஒரு விளையாட்டாகிவிட்டது. மேசைக்கு மேசா, கதிரைக்குக் கதெய்ரா, துவாய்க்குத் துவால்யா, குசினிக்குக் குசீன்யா, விறாந்தைக்கு வறாண்டா. சப்பாத்துக் கடையின் பலகையில் சப்பாத்தரியா என்று எழுதியிருந்தது. காலையில் கடையில் பாண் என்று கேட்டால் பாண் தருகிறார்கள். எங்கள் சமையலறையில் பாதியை அவர்கள்தான் பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

ஆர்சனல் வீதியில் நடந்தபோது எனக்கு ஊர் வாசம் அடித்தது. பேசாலையில் கருவாடு காயும்போது வருமே, அந்த வாசம். உப்பிட்டு உலர்த்திய கொட் மீனைப் பலகை பலகையாக அடுக்கி வைத்திருந்தார்கள். பக்கல்யாவ் என்பது அவர்களுடைய பேர்போன உணவு. அந்த மீன் அவர்கள் கடலில் இல்லை. நோர்வே, ஐஸ்லாந்துப் பக்கத்திலிருந்து வருகிறது. தன் கடலில் இல்லாத மீனுக்கு இவ்வளவு மரியாதை! எங்கள் அப்பா கேட்டிருந்தால் இரண்டு நாள் சிரித்திருப்பார். பெரிய வெள்ளியன்று எங்களுக்கும் அதுதான் சாப்பாடு. மட்டக்களப்புக்காரி கொண்டுவந்திருந்த மிளகாய்த்தூளைப் போட்டு எங்கள் முறையில் சமைத்தோம். வீட்டுக்கார அம்மா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு மூன்று கோப்பை தண்ணீர் குடித்தார்.

பெரிய வியாழனன்று பெலேம் பகுதிக்குப் போனோம். அங்கே ஜெரோனிமோஸ் மடத்தின் கோயிலில் வாஸ்கோ ட காமாவின் கல்லறை இருக்கிறது. ஆற்றங்கரையில் கடலோடிகளுக்கு எழுப்பிய நினைவுச் சின்னம் நிற்கிறது. உயரம் 52 மீற்றர். 1960 இல் கட்டியது. கப்பலின் முன்பகுதி போன்ற அமைப்பில் 33 உருவங்கள். அவற்றில் பெண் ஒரேயொருத்தி, பிலிப்பா என்ற அரசி. பிள்ளைகளே, இதை நீங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே சொல்கிறேன்.

அந்த வரிசையில் புனித சவேரியாரும் இருக்கிறார். 1541 ஏப்ரலில் அவர் இந்த லிஸ்பனிலிருந்துதான் கப்பல் ஏறினார். அடுத்த வருடம் கோவாவுக்கு வந்து, பிறகு முத்துக்குளித்துறைக்குப் போனார். மன்னார் மக்கள் அவரை அழைத்தபோது தம் பேரில் ஒரு குருவை அனுப்பினார். அதன்பின் 1544 இல் ஞானஸ்நானம் பெற்ற எங்கள் முன்னோர் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்ட வரலாறு இத்தீவில் எல்லோருக்கும் தெரியும். 1560 இல் போர்த்துக்கேயர் இங்கே கோட்டை கட்டினார்கள். 1658 இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள். வகுப்பில் இந்த ஆண்டுகளைப் பாடமாக்கிய காலத்தில், கோட்டை ஆட்கள் போகக்கூடாத இடம். நினைவுச் சின்னத்தின் முன்னால் நிலத்தில் பளிங்கினால் உலக வரைபடம் பதித்திருக்கிறார்கள். எங்கள் நாட்டைத் தேடிப் பிடித்தோம். முழு இலங்கையும் ஒரு பாதத்துக்குள் அடங்கியது. அதிலே மன்னாரை எங்கே தேட!

மறுநாள் பின்னேரம், அவள் ஹலால் சாப்பாடு தேடியதால் மார்ட்டிம் மொனிஸ் சதுக்கத்துக்குப் போனோம். மேலே கோட்டை, கீழே ஒடுங்கிய சந்துகள், வங்காளதேசத்தவர்களின் கடைகள். அந்தப் பகுதியின் பெயர் மோறாரியா. 1147 இல் கிறிஸ்தவ அரசன் லிஸ்பனைப் பிடித்தபின், எஞ்சிய முஸ்லிம்களை மதிலுக்கு வெளியே குடியிருத்திய இடம். போர்த்துக்கேய மொழியில் முஸ்லிம்களுக்கு மோறு என்று பெயர். இலங்கைக்கு வந்து இங்குள்ள முஸ்லிம்களைக் கண்டபோதும் அதே பெயரால்தான் அழைத்தார்கள். "அப்ப இதுதான் எங்கட தெரு," என்றாள் மூர்வீதிக்காரி. நாங்கள் சிரித்தோம். பெயர்ப்பலகைக்குக் கீழே நின்று படமும் எடுத்தோம்.

பக்கத்திலேயே சாந்தோ தொமிங்கோ கோயில். 1959 இல் தீப்பிடித்த கோயில் அது, கருகிய தூண்களை அப்படியே விட்டிருக்கிறார்கள். முன்னால் உள்ள சதுக்கத்தில் 2008 இல் வைத்த ஒரு நினைவுக்கல் இருக்கிறது. 1506 இல், இதே ஈஸ்டர் காலத்தில், யூதராய் இருந்து கிறிஸ்தவராக்கப்பட்ட மக்களை இந்த நகரத்தார் கொன்று குவித்ததற்கான நினைவுக்கல். கையிலிருந்த வழிகாட்டிப் புத்தகத்தை நான் வாசித்துக்கொண்டு போனேன். அதற்குப் பத்து வருடம் முன்னே, 1496 டிசெம்பரில், யூதரும் முஸ்லிம்களும் நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று அரசன் மனுவேல் கட்டளையிட்டான். அடுத்த வருடம் ஒக்டோபர் முடிவதற்குள், பத்து மாதத் தவணை.

"பத்து மாசமா?" என்றாள்.

சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. 1990 ஒக்டோபர் கடைசியில், இயக்கத்தின் உத்தரவால், வட மாகாணத்தின் 70,000 க்கு மேற்பட்ட முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். இத்தீவினருக்குக் கிடைத்த தவணை சில நாட்கள். பலர் வள்ளங்களில் கற்பிட்டிக்குப் போனார்கள். அவளும் உம்மாவோடும் மூன்று தம்பிமாரோடும் வள்ளத்தில் போனவள். கடலில் தம்பி சத்தி எடுத்ததையும், உம்மா அவன் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்ததையும் அந்தக் கல்லுக்கு முன்னால் இருந்துதான் எனக்குச் சொன்னாள். புத்தளத்தில் அகதி முகாம். பாடசாலையில் சேரப் போனபோது விடுகைப் பத்திரம் கேட்டார்களாம். "வீட்டில கிடந்த அரிசியையே கொண்டுபோக விடேல்லை. விடுகைப் பத்திரம் யாரடி தாற?" அவள் நான்காம் வகுப்பில் திரும்ப இருத்தப்பட்டாள். அதைக் கோபத்தோடு சொல்லவில்லை. பெரிய பிள்ளையாக இருந்ததால் வகுப்பில் முதலாம் பிள்ளையாக வந்ததைச் சொல்லித்தான் சிரித்தாள்.

எங்கள் பக்கத்து நினைவும் எனக்கு இருக்கிறது. அந்த வருடம் யூனில் சண்டை தொடங்கிய பிறகு பாடசாலை பூட்டிக் கிடந்த நாட்களே கூட. நாங்களும் மடுவுக்கு ஓடியவர்கள்தான். திரும்பி வந்து வகுப்புக் கூடியபோது ஒன்பது பிள்ளைகள் இல்லை. ஆசிரியை இடாப்புக் கூப்பிடும்போது அவர்களுடைய பெயர்களையும் கூப்பிட்டார், ஒரு கிழமை வரையில். பிறகு கூப்பிடவில்லை. நாங்கள் கதிரைகளை ஒடுக்கிப் போட்டுக்கொண்டோம்.

இனி என் கோரிக்கை. சங்கத்தில் சேருவதற்கான விண்ணப்பப் படிவத்தில் விடுகைப் பத்திர இலக்கம் கேட்கும் ஒரு வரி இருக்கிறது. போன வருடம் அவள் படிவத்தை இறக்கி, அந்த வரியில் நின்றுவிட்டாள். அவளைப் போல எத்தனை பேர் புத்தளத்திலும் கொழும்பிலும் வெளிநாடுகளிலும் இருக்கிறார்கள். 1990 இல் போனவர்களுக்கு அந்த இலக்கம் வேண்டாம், வரவு இடாப்பில் பெயர் இருந்தால் போதும் என்று இந்தப் பொதுக்கூட்டத்திலேயே ஒரு தீர்மானம் எடுக்க வேண்டும் என்று கேட்கிறேன். அந்த வருடத்து இடாப்புகள் சில அலுவலக அலுமாரியின் கீழ்த்தட்டில் இருப்பதாக அதிபர் சொன்னார். கறையான் அரித்தது போக மிச்சம் வாசிக்கக்கூடியதாக இருக்கிறதாம். எனக்கு இன்னும் ஒரு கிழமை லீவு இருக்கிறது, கீரியில்தான் நிற்பேன். பெயர்களை எழுதி எடுக்க நான் வருகிறேன். இன்னும் இரண்டு பேர் கூட வந்தால் வேலை சீக்கிரம் முடியும். திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு.