கருவி போனாலும் பாடம் நிற்க வேண்டும்

செமினி வட்டாரத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் பணிபுரியும் ஆசிரியர்கள் நாங்கள். கற்பித்தல் பயிற்சிக்காக எங்கள் பள்ளிக்கு வரும் இளம் ஆசிரியர்கள் தவறாமல் ஒரு கேள்வியைக் கேட்பதுண்டு. "கணினியில் பாடம் தயாரிக்க எந்தக் கருவி நல்லது?" என்பதே அக்கேள்வி. 2008-ஆம் ஆண்டில் நாங்களும் இதையே கேட்டோம். ஒரு விடையும் கண்டோம். அது பாதி சரி, பாதி தவறு என்பது பல ஆண்டுகள் கழித்தே தெரிந்தது. அந்த அனுபவத்தையும், அக்காலத்தில் உலகப் பெரும் நிறுவனங்களுக்கிடையே நடந்த ஒரு போட்டியையும் சேர்த்து இன்று சிந்திப்போம்.

முதலில் ஒரு விளக்கம். தொடக்க கால இணையப் பக்கங்கள் பெரும்பாலும் அச்சிட்ட தாளைப் போன்றவை. நாம் ஒரு பொத்தானை அழுத்தினால், அச்செய்தி தொலைவில் இருக்கும் வழங்கிக் கணினிக்குச் செல்லும். அங்கிருந்து புதிய பக்கம் முழுவதும் மறுபடி வந்து சேரும். ஒவ்வொரு கணக்கையும் போட்டு முடித்ததும் மாணவன் நோட்டுப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு ஆசிரியர் அறைக்கு ஓடுவதைப் போன்றது இது. ஆசிரியர் மாணவனின் மேசையருகே நின்று உடனுக்குடன் திருத்தினால் எவ்வளவு வசதி! அத்தகைய வசதியை இணையப் பக்கத்திலேயே தருபவைதான் 'வளமான இணையச் செயலிகள்'. படம் அசையும், குரல் பேசும், பிள்ளை தொட்டதும் விடை சரியா தவறா என்று அங்கேயே தெரியும். இந்தப் பெயரை 2002-ஆம் ஆண்டில் மெக்ரோமீடியா நிறுவனம் வழக்கத்திற்குக் கொண்டுவந்தது.

இவற்றை உருவாக்க நான்கு வழிகள் போட்டியிட்டன.

முதலாவது பிளாஷ். 1996-இல் வேறொரு பெயரில் தோன்றி, அவ்வாண்டே மெக்ரோமீடியாவின் கைக்கு வந்து, 2005-இல் அடோபி நிறுவனத்திடம் சேர்ந்தது. படத்தைப் புள்ளி புள்ளியாகச் சேமிக்காமல், கோடுகளும் வளைவுகளும் எப்படி வரையப்பட வேண்டும் என்ற கணக்காகச் சேமிப்பது இதன் தனிச் சிறப்பு. ஆகவே கோப்பு சிறியதாக இருக்கும். தொலைபேசிக் கம்பி வழியே இணையம் ஊர்ந்து வந்த காலத்தில் இது பெரும் வரமாக அமைந்தது. நிரல் எழுதத் தெரியாதவர்கூட வரைந்து, அசைவு கொடுத்து, ஒலி சேர்க்க முடிந்தது.

இரண்டாவது சில்வர்லைட். மைக்ரோசாப்ட் நிறுவனம் 2007-இல் வெளியிட்டது. அந்நிறுவனத்தின் நிரல் மொழிகளை ஏற்கெனவே பழகியவர்களுக்கு இது எளிதாக இருந்தது. 2008-ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக் போட்டிகளை அமெரிக்காவில் இணையம் வழி பார்த்தவர்கள் பெரும்பாலும் இதன் வழியாகவே பார்த்தார்கள்.

மூன்றாவது ஜாவாஎப்எக்ஸ். சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 2007-இல் அறிவித்து, 2008 டிசம்பரில் முதற் பதிப்பை வெளியிட்டது. 2010-இல் சன் நிறுவனமே ஆரக்கிள் வசமானது. இன்றும் மேசைக் கணினிச் செயலிகளை எழுத இது உதவுகிறது. இணையப் பக்கத்தில்தான் வேரூன்றவில்லை.

இம்மூன்றுக்கும் ஒரு பொதுத்தன்மை உண்டு. உலாவி தானாக இவற்றைப் புரிந்துகொள்ளாது. அந்தந்த நிறுவனம் தரும் ஒரு செருகுநிரலை, அதாவது உலாவியோடு இணைக்கும் துணை மென்பொருளை, நம் கணினியில் நிறுவ வேண்டும்.

நான்காவது வழிக்குத் தனி உரிமையாளர் இல்லை. எல்லா உலாவிகளுக்கும் பொதுவான எச்.டி.எம்.எல் மொழியும், ஜாவாஸ்கிரிப்ட் என்னும் நிரல் மொழியுமே அது. பெயரில் ஜாவா இருந்தாலும் ஜாவா வேறு, இது வேறு. 2004-இல் வந்த ஜிமெயிலும் 2005-இல் வந்த கூகள் வரைபடமும் செருகுநிரல் இல்லாமலே பக்கத்தை உயிரோடு இயங்க வைக்கலாம் என்று காட்டின. ஆயினும் அசைவுப்படத்திலும் ஒலியிலும் அன்று இது பிளாஷுக்கு அருகில் நிற்க முடியவில்லை. உலாவிக்கு உலாவி தோற்றமும் மாறியது.

இந்நிலையில் 2008-இல் நாங்கள் பிளாஷைத் தேர்ந்தெடுத்தோம். பெற்றோர் ஆசிரியர் சங்கம் வாங்கித் தந்த கணினிகளில் அது தடையின்றி ஓடியது. அதைவிட முக்கியமான காரணம் தமிழ் எழுத்து. அக்காலத்தில் ஒரு கணினியில் தட்டச்சு செய்த தமிழ் இன்னொரு கணினியில் புரியாத குறிகளாகத் தெரிவது வழக்கம். 1999-இல் சென்னையிலும் 2001-இல் நம் கோலாலம்பூரிலும் நடந்த தமிழ் இணைய மாநாடுகள் கூடிப் பேசிய சிக்கல்களில் இதுவும் ஒன்று. பிளாஷில் எழுத்துருவைக் கோப்பின் உள்ளேயே பொதித்துவிடலாம். எந்தக் கணினியில் திறந்தாலும் தமிழ் தமிழாகவே தெரியும். தமிழாசிரியருக்கு வேறென்ன வேண்டும்?

ஆனால் அந்த வசதிக்கு ஒரு விலை இருந்தது. பொதித்த எழுத்துருவோடு யுனிகோடு தமிழைச் சேர்த்தால் அன்றைய பிளாஷில் கொம்பும் காலும் இடம் மாறி விழுந்தன. ஆகவே பழைய குறியேற்ற எழுத்துருவிலேயே எல்லாவற்றையும் எழுதினோம். பார்வைக்கு அழகாக இருந்தது. எனினும் அந்தப் பாடத்தை வெளியே எடுத்து வேறிடத்தில் பயன்படுத்தும் வழியை நாங்களே அடைத்துவிட்டோம்.

ஆண்டு மூன்று பிள்ளைகளுக்காக நாங்கள் செய்த பாடத்தின் பொருள் பால்மரத் தோட்டம். பெரட்டு, மங்கு, ஒட்டுப்பால் என்று தோட்டத்தில் வழங்கிய சொற்களைப் படத்தோடு கற்பித்தோம். முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் வெட்டிய ஒரு பாட்டி ஒவ்வொரு சொல்லையும் தம் குரலிலேயே சொல்லி, அதை வைத்து ஒரு வாக்கியமும் சொன்னார். பிள்ளைகள் மங்கைத் தொட்டால் பாட்டியின் குரல் கேட்கும். தோட்டங்கள் செம்பனைக்கும், பின்னர் வீடமைப்புக்கும் மாறிவந்த காலம் அது. அச்சொற்களை வீட்டில் கேட்டிராத பிள்ளைகள் பாட்டியிடமிருந்து அவற்றைக் கற்றார்கள்.

இதற்கிடையே உலகம் திசை மாறியது. 2007-இல் வந்த ஐபோனிலும் 2010-இல் வந்த ஐபேடிலும் பிளாஷ் இயங்கவில்லை. கைப்பேசி உலாவிகளுக்குப் பிளாஷ் தயாரிப்பதை அடோபி 2011-இல் நிறுத்தியது. எச்.டி.எம்.எல் 5 என்னும் புதிய தரம் 2014 அக்டோபரில் முறைப்படி நிறைவுற்றது. படம் வரைதல், ஒலி, காணொளி எல்லாம் உலாவிக்குள்ளேயே வந்துவிட்டன. பாதுகாப்புக் குறைகளும் பிளாஷின் பெயரைக் கெடுத்தன. 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு ஆதரவு முடியும் என்று 2017-லேயே அடோபி அறிவித்தது. சில்வர்லைட்டின் ஆதரவு 2021 அக்டோபரில் முடிவுற்றது.

அறிவிப்பு மூன்றாண்டுகளுக்கு முன்பே வந்திருந்தும் நாங்கள் கவனிக்கவில்லை. பெருந்தொற்றால் 2021 ஜனவரியில் பிள்ளைகள் வீட்டிலிருந்தே படிக்க நேர்ந்தபோது, அந்தப் பாடத்தை அனுப்பலாம் என்று எடுத்தோம். வெறும் பெட்டிதான் தெரிந்தது. ஜனவரி 12-ஆம் தேதி முதல் பிளாஷ் இயக்கியே தன்னுள் எதையும் ஓடவிடாமல் தடுத்துவிட்டிருந்தது. தயாரிப்புக்கான மூலக் கோப்பு, பழுதடைந்த கணினியோடு எப்போதோ போய்விட்டது. பாட்டியின் குரலைத் தனி ஒலிக்கோப்பாக நாங்கள் வைத்திருக்கவில்லை. பாட்டியும் அப்போது உயிரோடு இல்லை. இதில் எவரையும் குறை சொல்வதற்கில்லை. தவறு எங்களுடையதுதான்.

இத்தகைய நெருக்கடி எங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. தென்னாப்பிரிக்காவின் வருமான வரித்துறை தன் பழைய படிவங்களை இயக்க, அதே மாதத்தில் தனக்கென ஓர் உலாவியையே வெளியிட வேண்டியதாயிற்று.

முன்கூட்டியே விழித்துக்கொண்டவர்களும் உண்டு. நம் பிள்ளைகள் நிரலாக்கம் பழகும் ஸ்கிராட்ச் நல்ல எடுத்துக்காட்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்விக்கூடத்தில் பிறந்த அது, 2013-இல் பிளாஷை நம்பி இரண்டாம் பதிப்பை வெளியிட்டது. 2019 ஜனவரியில் வந்த மூன்றாம் பதிப்போ ஜாவாஸ்கிரிப்டில் புதிதாக எழுதப்பட்டது. பிள்ளைகள் முன்னர் செய்திருந்த படைப்புகள் புதிய பதிப்பிலும் திறந்தன. காரணம் என்ன? பிள்ளையின் படைப்பு வேறு, அதை ஓட்டும் கருவி வேறு என்று தொடக்கத்திலேயே பிரித்து வைத்திருந்தார்கள். கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் அறிவியல் பாவிப்புகளும் அப்படியே. ஜாவாவிலும் பிளாஷிலும் செய்தவற்றைப் பல ஆண்டு உழைப்பில் எச்.டி.எம்.எல் 5-க்கு மாற்றி வருகிறார்கள். அவற்றுள் தமிழில் கிடைப்பவையும் உண்டு.

எங்கள் பாடம் என்னவாயிற்று என்று நீங்கள் கேட்கலாம். பழைய பிளாஷ் கோப்புகளை இன்றைய உலாவியில் ஓட்ட, ரபிள் என்னும் திறந்த மூல மென்பொருளைத் தன்னார்வலர்கள் எழுதி வருகிறார்கள். அதில் எங்கள் கோப்பைத் திறந்தோம். படங்கள் வந்தன, புதிர்ப் பகுதி இயங்கவில்லை. மங்கைத் தொட்டோம். பாட்டியின் குரல் கேட்டது. அன்றே ஒவ்வொரு சொல்லையும் தனித்தனி ஒலிக்கோப்பாகப் பதிந்து வைத்தோம். கோப்பின் அடியில் புதைந்திருந்த நான்கு சொற்களை மட்டும் எடுக்க முடியவில்லை.

ஆகவே, இளம் ஆசிரியர்களுக்கு எங்கள் விடை இதுதான். எந்தக் கருவி அழகானது என்பதை முதற் கேள்வியாக்காதீர்கள். மூன்று கேள்விகளை முதலில் கேளுங்கள். வகுப்பிலேயே மிகக் குறைந்த விலைக் கைப்பேசி வைத்திருக்கும் பிள்ளையிடம் இப்பாடம் திறக்குமா? தமிழ் யுனிகோடாக, எடுத்துத் திரும்பப் பயன்படுத்தும் எழுத்தாக இருக்கிறதா? இக்கருவியின் உரிமையாளர் நாளை கடையை மூடினால் நம் கையில் என்ன மிஞ்சும்?

இம்மூன்றிலும் இன்று பொதுத்தரமான எச்.டி.எம்.எல் வழியே முந்தி நிற்கிறது. ஆனால் அதோடு நிம்மதி அடைந்துவிடக் கூடாது. இன்று பலரும் புதிர்களையும் விளையாட்டுகளையும் ஏதோ ஒரு நிறுவனத்தின் இணையத்தளத்தில் கணக்குத் திறந்து அங்கேயே செய்கிறார்கள். செருகுநிரல் தேவையில்லைதான். ஆனால் பாடம் இருப்பது அவர்கள் வீட்டில். சந்தா நின்றாலோ சேவை நின்றாலோ அதே வெறும் பெட்டிதான் மிஞ்சும்.

செய்ய வேண்டியது கடினமன்று. பாடத்தின் சொற்களை யுனிகோடில் தனிக் கோப்பாக வையுங்கள். படங்களையும் குரல்களையும் எங்கும் திறக்கும் பொதுவான வடிவில் தனித்தனியே வையுங்கள். மூலக் கோப்பை இரண்டு இடங்களில் வையுங்கள். எப்படிச் செய்தோம் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி வையுங்கள். பள்ளி விடுமுறை வரும்போதெல்லாம் ஒருமுறை திறந்து பாருங்கள். இவ்வளவும் இருந்தால், எந்தக் கருவி மறைந்தாலும் அடுத்த கருவியில் பாடத்தை மறுபடி கட்டிவிடலாம்.

நாங்களும் அப்படித்தான் கட்டி வருகிறோம். பால்மரத் தோட்டப் பாடம் இப்போது கைப்பேசியிலும் திறக்கிறது. குரல் கிடைக்காத அந்த நான்கு சொற்களைத் தோட்டத்தில் எஞ்சியிருக்கும் மற்றொரு மூதாட்டியிடம் கேட்டுப் பதிந்துகொண்டோம். அந்தப் பதிவு இரண்டு இடங்களில் இருக்கிறது.