அம்மா கையெழுத்துப் போடும் பதிவேடு



சில ஆண்டுகளுக்கு முன், வெளிநாட்டில் இருக்கும் ஒரே ஊர்க்காரர்களான நாங்கள் ஆறு பேர் பணம் போட்டு, பிள்ளையார் கோயிலை ஒட்டி ஆர்.ஓ. குடிநீர் இயந்திரம் ஒன்று வைத்துக் கொடுத்தோம். இரண்டாம் கோடையில் மோட்டார் புகைந்து நின்றுவிட்டது. கரண்ட் பில் யார் கட்டுவது, ஃபில்டர் யார் மாற்றுவது, எதுவும் பேசி வைத்திருக்கவில்லை. எல்லாவற்றையும் வாட்ஸ்அப்பிலேயே முடிவு செய்திருந்தோம். ஊரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. விடுமுறையில் போனபோது அந்த அறையின் பூட்டு துருவேறிக் கிடந்தது. தெருக்குழாயடியில் பழையபடி குடங்கள் வரிசை கட்டியிருந்தன.

அதை மறுபடி ஓட வைத்தவர்கள் மகளிர் குழுப் பெண்கள். கிராம சபையில் எழுந்து பேசினார்கள். கரண்ட் பில் ஊராட்சிக்கு, குடத்துக்கு இரண்டு ரூபாய் வாங்கிப் பராமரிப்பது குழுவுக்கு என்று தீர்மானம் எழுத வைத்தார்கள். எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்ட பிறகே பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்கள். கையெழுத்தை முதலில் வாங்கிக்கொண்டு தீர்மானத்தை அப்புறம் எழுதிக்கொள்ளும் ஊர்களும் இருக்கின்றன என்பதால் சொல்கிறேன்.

இது எங்கள் ஊரோடு நிற்கும் விஷயம் இல்லை. 2015-இல் ஐ.நா.வில் 193 நாடுகள் ஏற்றுக்கொண்ட 17 வளர்ச்சி இலக்குகளில் ஆறாவது, 2030-க்குள் எல்லோருக்கும் குடிநீர். தண்ணீர் நிர்வாகத்தில் உள்ளூர் மக்களின் பங்கை வலுப்படுத்த வேண்டும் என்றும் அதற்குள்ளேயே எழுதியிருக்கிறார்கள். அதற்கான இடம் நம்மிடம் முன்பே இருக்கிறது. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் கிராம சபைக்கு அரசியல் சட்டத்தில் இடம் கொடுத்தது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கும் எவரும் அதன் உறுப்பினர். வரவு செலவுக் கணக்கைக் கேட்கலாம். தமிழ்நாட்டில் அது கூடும் நாள்களில் மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளும் ஒன்று.

“நமக்கு எதுக்குங்க அரசியல், நல்லது செஞ்சாப் போதும்” என்று வெளிநாட்டில் இருக்கும் நாம் நல்ல மனதோடு சொல்கிறோம். நானும் சொன்னவன்தான். ஆனால் குழாய் எந்தத் தெருவுக்கு முதலில் போகும் என்பது அரசியல். காலனிக்குக் கடைசியாகத் தண்ணீர் விடும் ஊரில், நாம் அனுப்பும் பணமும் அதே வரிசையில்தான் போய்ச் சேரும். அந்தத் தெருக்காரர்கள் சபையில் எழுந்து கேட்க வேண்டும்; கேட்பவருக்குப் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும்.

குடியுரிமை மாறிய நமக்கு அங்கே கை தூக்க உரிமையில்லை. ஊரில் இருக்கும் அம்மாவுக்கு இருக்கிறது. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர்கள் முடிந்தால் ஜனவரி 26 வரை தங்கி, அன்று கூடும் கிராம சபைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். போக முடியாதவர்கள் அன்று ராத்திரி போன் போடும்போது, “சாப்பிட்டியாம்மா” என்று கேட்ட கையோடு, “தீர்மானத்தை வாசிச்சுக் காட்டினாங்களா, அப்புறந்தானே கையெழுத்துப் போட்டே?” என்றும் கேளுங்கள்.